கன்னத்தில் விழுந்த அடி: ஒரு பல் சிகிச்சையின் பதினெட்டு மாதங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனையில் பல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். இது ஒரே ஒருவரைப் பற்றிய குறிப்பு. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தம்பிக்கு அப்போது வயது 24, எடை 38 கிலோ. பிரசவம் இழுத்துக்கொண்டே போய், பிறந்தவுடன் அழாத குழந்தை. கை கால் நான்கும் இறுகிப்போன மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு. இரண்டு வயதிலிருந்து வலிப்பு. இருபது வருடமாக ஃபெனிட்டாயின் மாத்திரை. ஆறேழு வருடமாக வால்புரோயேட்டும் சேர்ந்துகொண்டது. பேச்சு இல்லை. மூன்று நான்கு ஒலிகள் உண்டு, அவற்றின் அர்த்தம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பைத் துண்டால் கட்டி உட்காரவைப்பார்கள்.

ஐந்து மாதமாக இடது கன்னத்தில் தானே அடித்துக்கொள்கிறார் என்பதுதான் புகார். வரும்போது கையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கன்னத்தின் தோல் தடித்துக் கறுத்து, செருப்பு கடித்துக் காய்த்த இடம் மாதிரி இருந்தது. இரவில் தூக்கம் இல்லை. களி உருண்டையை விழுங்குகிறவர் அதையும் விட்டுவிட்டு, டீயில் நனைத்த பிஸ்கட் மட்டும் சாப்பிடுகிறார். நான்கு கிலோ குறைந்திருந்தது.

"வயசுப் பையன், கோவம் வருதுன்னாங்க டாக்டரம்மா. தூக்க மாத்திரை குடுத்தாங்க. தூங்குறான், எழுந்தா அடிச்சிக்கிறான்" என்றார் அம்மா. அதற்கு முன்னால் ஒரு பல் கிளினிக்குக்கும் போயிருக்கிறார்கள். வாசலிலேயே பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் மூன்று மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

எங்களிடம் அனுப்பிவைத்தவர் மருத்துவரே இல்லை, வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுக்கும் இயன்முறை சிகிச்சையாளர். 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிறவர். கழுத்தை இடப்பக்கம் திருப்பும்போது தம்பி அலறுகிறார், வாயிலிருந்து சீழ் நாற்றம் வருகிறது என்பதை அவர்தான் கவனித்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். என் கோப்பில் இன்றைக்கும் முதல் தாள் அதுதான்.

முதல் நாள் நான் செய்தது

எங்கள் பல் பிரிவு முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏறும்போதே தம்பி மிரண்டுவிட்டார். சரி, வந்ததற்கு ஒருமுறையாவது பார்த்துவிடுவோம் என்று பல் நாற்காலியில் படுக்கவைத்து, நான்கு பேர் கை கால் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் வாய்க் கண்ணாடியை உள்ளே விட்டேன்.

மூளை முடக்குவாதம் உள்ளவரைச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்தால் உடம்பு வில்லாக விறைக்கும். விழுகிறோம் என்று உடம்பே நினைத்துக்கொள்வது அது, பிடிவாதம் இல்லை. உதட்டிலோ ஈறிலோ எதிர்பாராமல் ஏதாவது பட்டால் தாடை கவ்விக்கொள்ளும், திறக்கச் சொன்னால் அவராலேயே திறக்க முடியாது. இதெல்லாம் நான் படித்ததுதான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், நான் அவசரப்பட்டேன். கண்ணாடியைக் கவ்விக்கொண்டார். பிடுங்கும்போது உதடு கிழிந்தது. பார்த்தது ஒன்றுமில்லை. அடுத்த வாரம் ஆட்டோ மருத்துவமனை கேட்டுக்கு வந்ததுமே அலற ஆரம்பித்தார் என்று அக்கா போனில் சொன்னார். திரும்பிப் போய்விட்டார்கள்.

ரைட், ஹோல்டான்

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்குப் போனேன். கையில் டார்ச், இரண்டு பிரஷ், கையுறை. அவ்வளவுதான். போய் முதல் அரை மணி நேரம் எதையும் செய்யவில்லை. அம்மா எப்படிச் சோறு ஊட்டுகிறார், எப்படி மாத்திரை கொடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு டவுன் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது. காலை முதல் ராத்திரி வரை தம்பிக்கு அதுதான் பொழுதுபோக்கு. கண்டக்டர் "ரைட்... ரைட்" என்று குரல் கொடுத்தால் வாய் விட்டுச் சிரிப்பார். அம்மா அதைப் பிடித்துவைத்திருக்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் "ரைட், போலாம்!" என்பார், தம்பி வாயைத் திறப்பார், கரண்டி உள்ளே போகும். "ஹோல்டான்" என்றால் கரண்டி நிற்கும். போதும் என்றால் தம்பியும் "ஓ" என்பார். அதுவும் ஹோல்டான்தான்.

குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தில், சொல்லி, காட்டி, பிறகு செய் என்ற முறையை 1950களிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த வீட்டில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நான் கண்டக்டர் வேலையை ஏற்றுக்கொண்டேன். தம்பியைத் தரையில் உட்காரவைத்து, அம்மா பின்னால் வாசற்படியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே அவர் தலையைத் தாங்கிக்கொண்டார். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை; கால் மடங்கியிருந்தால் உடம்பின் இறுக்கம் குறையும். "ரைட்" என்றதும் வாய் திறந்தது. இரண்டு விநாடி. டார்ச் அடித்தேன். "ஹோல்டான்." மறுபடியும் "ரைட்". நாற்பது நிமிடத்தில், இரண்டிரண்டு விநாடியாக, முழு வாயையும் பார்த்து முடித்தேன்.

மேல், கீழ் முன்பற்களின் மேல் ஈறு வளர்ந்து மூன்றில் இரண்டு பங்கை மூடியிருந்தது. ஃபெனிட்டாயினின் வேலை இது. 1938ல் வலிப்புக்குப் பயன்பாட்டுக்கு வந்த மருந்து. அடுத்த வருடமே ஈறு வளர்ச்சியைப் பற்றி எழுதிவிட்டார்கள். சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வரும். பல்லில் அழுக்குப் படிந்தால் இன்னும் வேகமாக வளரும், வளர்ந்த ஈறுக்கு அடியில் பிரஷ் போகாது, அழுக்கு இன்னும் சேரும். எல்லாப் பல்லிலும் அழுக்கு இறுகிப்போன காரை. பற்களில் பழுப்புக் கறை வேறு, அது எங்கள் மாவட்டத்துத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பாதிப்பு) தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கறைப் பல்லைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. அதனாலேயே சொத்தையும் கறையோடு கறையாகக் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் முக்கால்வாசி கரைந்து, பக்கத்து ஈறில் ஒரு சீழ்க் கொப்புளம். அடி விழுந்த இடத்துக்கு நேர் உள்ளே. அதே பக்கத்தில் மேலும் கீழும் இன்னும் நான்கு சொத்தை. வலது பக்கத்தில் ஒன்றே ஒன்று.

ஏன் இடது? பதிலை அரை மணி நேரம் முன்பே பார்த்திருந்தேன், புரிந்துகொள்ளத்தான் தாமதம். மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் குழைத்து, அம்மா அதை இடது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துவிடுவார். நாக்கு வெளியே தள்ளிவிடும் என்பதால் அங்கே வைத்தால்தான் நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, இருபது வருடம். கடைசி வேளை ராத்திரி படுக்கப்போகும் முன். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், வெல்லம் விடியும்வரை அங்கேயே ஊறும்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்ததால்தான் மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும், அது உண்மையும்கூட. கடைசியில், "வெல்லத்துக்குப் பதிலா வேற வழி பாக்கலாம்மா, இந்தப் பல்லு தாங்கல" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கசக்கும்னுதான் வெச்சேன்" என்றார்.

காத்திருந்த ஒன்பது வாரம்

முதலில் வலியைப் பார்த்தோம். சீழுக்கு அமாக்சிசிலின், வலிக்குப் பாராசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில். டிராமடால் மாதிரி வலி மாத்திரைகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை, அவற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் அக்கா போன் செய்தார்: நேற்று ஒரே ஒருமுறைதான் அடித்துக்கொண்டாராம். அன்றைக்கே எங்கள் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. கோபத்துக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை எழுதிய மருத்துவரிடமே பேசி, இரண்டு வாரத்தில் படிப்படியாக நிறுத்தினோம்.

இத்தனை வேலையையும் விழித்திருக்கும்போது செய்ய முடியாது. முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிப்பது என்று முடிவு செய்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதினோம். அங்கே எழுந்த முதல் கேள்வி, கையெழுத்து யார் போடுவது? 18 வயது தாண்டிவிட்டால் அம்மா என்பதாலேயே சட்டப்படி சம்மதம் தந்துவிட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்க வேண்டும். விண்ணப்பம், யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், விசாரணை என்று ஒன்பது வாரம் ஓடியது. இந்தப் பாதுகாவலர் சான்றிதழைப் பற்றி அம்மாவுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்கும் பெயரளவில்தான் தெரியும்.

காத்திருந்த நாளில் சும்மா இருக்கவில்லை. ஆழமில்லாத சொத்தைகளுக்கு வீட்டிலேயே 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு தடவினோம். குடையவோ ஊசி போடவோ தேவையில்லை; ஒரு சொட்டு, பல்லுக்கு ஒரு நிமிடம். சொத்தை அங்கேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் புழங்குகிற மருந்து; உலக சுகாதார நிறுவனம் 2021ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரே சங்கடம், சொத்தை கரிக்கட்டையாகக் கறுத்துவிடும். நகரத்தில் பல பெற்றோர் இதைக் கேட்டதும் வேண்டாம் என்பார்கள். இங்கே அம்மா சிரித்துவிட்டார்: "ஏற்கெனவே கறைதானே டாக்டரம்மா." மருந்து பட்ட இடமெல்லாம் கறுக்கும் என்று உதட்டில் வாசலின் பூசியிருந்தேன், அம்மாவின் முந்தானையை மறந்துவிட்டேன். சொட்டு விழுந்த இடம் மறுநாள் கறுத்தது, துவைத்தும் போகவில்லை. அடுத்த தடவையிலிருந்து பழைய துண்டு ஒன்றை மடியில் விரித்துக்கொண்டார்.

மயக்கம் கொடுத்த நாள்

வால்புரோயேட் சாப்பிடுகிறவர்களுக்குத் ரத்தம் உறைய உதவும் தட்டணு குறையலாம், அதனால் முந்தைய வாரமே ரத்தப் பரிசோதனை. சரியாக இருந்தது. அன்று காலை வெறும் வயிறுதான், ஆனால் வலிப்பு மாத்திரைக்கு விலக்கு இல்லை. ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுத்தே ஆக வேண்டும். வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாது என்று நினைத்து நிறுத்திவிட்டு, அறுவை அரங்க வாசலில் வலிப்போடு வந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

மூன்று பல் எடுத்தோம், அடைக்க வேண்டிய பற்களை அடைத்தோம், காரை முழுவதையும் சுத்தம் செய்து, முன்பற்களின் மேல் வளர்ந்த ஈறை வெட்டி எடுத்தோம். இரண்டே முக்கால் மணி நேரம். வேர் சிகிச்சை செய்து கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றியிருக்கலாமே என்று உடன் இருந்த இளம் மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு இன்னொரு தடவை மயக்கம் வேண்டியிருக்கும், அப்புறம் கேப், அதன் பராமரிப்பு. மாற்றுத்திறனாளி என்றாலே பல்லைப் பிடுங்கிவிடு என்ற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. அதனாலேயே ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுதி வைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஒரு தவறும் நடந்தது. விழித்தெழும்போது வலிக்கக் கூடாது என்று மரத்துப்போகும் ஊசியும் போட்டிருந்தேன். கீழ் உதடு சில மணி நேரம் மரத்திருக்கும், மென்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வார்டில் சொல்ல வேண்டும். சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. மறுநாள் காலை உதடு இரண்டு மடங்கு வீங்கி வெள்ளையாகப் புண்பட்டிருந்தது. உணர்வில்லாத உதட்டை மென்றிருக்கிறார். பத்து நாளில் ஆறியது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா

ஃபெனிட்டாயின் தொடர்ந்தால் ஈறு மறுபடி வளரும். அதற்காகப் பட்டென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் வரலாம். நரம்பியல் மருத்துவர் ஆறு வாரத்தில் மெல்ல மெல்ல லெவிடிராசிட்டம் என்ற வேறொரு வலிப்பு மருந்துக்கு மாற்றினார். மூன்றாவது வாரம் அக்கா பதறிப்போய் அழைத்தார்: தம்பி மறுபடியும் அடித்துக்கொள்கிறார்.

என் முதல் எண்ணம், எந்தப் பல்லை விட்டுவிட்டோம்? ஓடினேன். வாயில் ஒன்றும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. முன்பு ஒரே இடத்தில் இடது கன்னம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரியில். இப்போது தொடையில், நெஞ்சில், இரண்டு கன்னத்திலும், நேரங்காலம் இல்லாமல். லெவிடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலும் சிடுசிடுப்பும் கொண்டுவரும். நரம்பியல் மருத்துவர் அளவைக் குறைத்து, ஏற்றுவதை நிதானமாக்கினார். மூன்று வாரத்தில் அடங்கியது. வேறு எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? எப்போ, சாப்பிட்ட பிறகா?

புது மருந்தைச் சிரப்பாகவே வாங்கச் சொன்னோம். அது வாய்க்குள் போனதும் இரண்டு மடக்குத் தண்ணீர், பிறகு ஈரத் துணியால் இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு துடைப்பு. வெல்லம் நின்றது. டீ பிஸ்கட் நிற்கவில்லை; ஆயா ரகசியமாகக் கொடுக்கிறார். பேரனுக்குச் செங்கல் பொடியில் பல் விளக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் ஆயாவின் கட்சிதான். அவரோடு சமாதானமாகப் போய்விட்டேன்: பிஸ்கட் சாப்பாட்டோடு சேர்த்து மட்டும், செங்கல் அறவே கூடாது.

பல் தேய்ப்பது சின்ன விஷயம் இல்லை. அம்மாவுக்கு 51 வயது, இடுப்பு வலி. இத்தனை வருடம் எதிரே குனிந்து நின்று தேய்த்திருக்கிறார், பாதி வாயோடு விட்டிருக்கிறார். இப்போது வாசற்படி முறைதான்: பின்னால் உட்கார்ந்து, மகனின் தலையைத் தன்மேல் சாய்த்து. பிரஷ் பிடிக்குச் சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் உறையை மாட்டினோம், ஐந்தாறு ஐஸ் குச்சிகளை ஒன்றாக வைத்துப் பஞ்சுத் துணியும் பிளாஸ்திரியும் சுற்றிக் கடிகட்டை ஒன்று செய்தோம். விரலைக் கடிப்பாரோ என்ற பயம் அதோடு போயிற்று. பேஸ்ட் பட்டாணி அளவுக்கும் குறைவு. துப்பத் தெரியாதவர், துணியால் துடைத்தெடுத்தால் போதும். ஃபுளோரைடு பேஸ்ட்டா, நம்ம தண்ணிக்கா என்று அக்கா சந்தேகப்பட்டார். நல்ல சந்தேகம். பல் உருவாகும் சின்ன வயதில்தான் கறை விழும், 24 வயதில் அந்தப் பயம் இல்லை. சொத்தையைத் தடுக்க பேஸ்ட் வேண்டும்.

மருத்துவமனையில் மாறியது ஒன்றுதான். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு மேல் கீழ்த்தளத்து ஊசி அறையை எங்களுக்குத் தருகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தடையற்ற அணுகலும் சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்கிறது. அதைக் காட்டிக் கடிதம் எழுதினேன். லிஃப்ட் வரவில்லை, அறை வந்தது. வயது இன்னொரு சிக்கல். 18 வரை குழந்தைகள் பல் மருத்துவரிடம் போகலாம். அதற்கு மேல் இவர்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சிறப்புப் பிரிவு இல்லை. பிரிட்டனில் 2008லேயே அதைத் தனித் துறையாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பதினெட்டாம் மாதம்

எடை 43 கிலோ. களி திரும்ப வந்துவிட்டது, கீரைக் குழம்போடு. கன்னத்துக் காய்ப்பு உதிர்ந்து புதுத் தோல். கீழ் முன்பற்களில் ஈறு கொஞ்சம் திரும்ப வளர்ந்திருக்கிறது, இரண்டு பல்லில் காரை. அம்மா காய்ச்சலில் படுத்த மாதம் தேய்ப்பது நின்றுபோனது, அதன் கணக்கு வாயில் தெரிகிறது. மருந்து தடவிய பற்களில் ஒன்று தாங்கவில்லை, ஆடத் தொடங்கியது.

போன வியாழக்கிழமை அந்தப் பல்லை எடுக்க வந்தார்கள். தம்பி சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், தலைக்குப் பின்னால் அம்மா. கேட்டில் அலறல் இல்லை. முதலில் ஈறில் மரக்கும் ஜெல், பிறகு ஊசி. "ரைட்" என்றேன், திறந்தார். ஊசி முனை பட்டதும் "ஓ" என்றார். எடுத்துவிட்டேன். மறுபடி "ரைட்". மறுபடி "ஓ". மூன்று தடவை நிறுத்தச் சொன்னார், மூன்று தடவையும் நிறுத்தினேன். வெளியே கூட்டம் இருந்தது, செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காவது தடவை "ஓ" வரவில்லை.

பல் வந்ததும் பஞ்சை வைத்துவிட்டு, உதடு சில மணி நேரம் மரத்திருக்கும், மெல்லவிடாதீர்கள் என்று அம்மாவிடம் ஒருமுறை, அக்காவிடம் ஒருமுறை சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருகை பொங்கல் கழிந்த முதல் வியாழன்.